அளவுக்குக் கொடுத்த ஐந்து டி-ஷர்ட்டுகள்

எனக்குத் தெரிந்து எங்கள் பிள்ளையார்பாளையத்தில் யாரும் ஆளை அளந்து ஜாக்கெட் தைத்ததில்லை. நமக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். தைத்து முடித்ததும் அதைப் புதியதோடு சேர்த்து ஊக்குக் குத்தித் திருப்பித் தந்துவிடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் தைக்கிறாள். அவள் கழுத்தில் தொங்கும் டேப் வெறும் அலங்காரம். (இந்த நேர்மையான பழக்கம்தான் ஒருநாள் என் மானத்தை வாங்கியது.)

நான் கல்லூரி முடித்திருந்த சமயம் அது. வெளிநாட்டுப் பெண்கள் ஐந்து பேர் தமிழ் படிக்க ஏனாத்தூரில் ஒரு முகாமுக்கு வந்திருந்தார்கள். முகாமை நடத்திய விமலா மேடம் சென்னைக்காரர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். நான் அந்தப் பெண்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் உதவியாள். இங்கே முடிந்ததும் இவர்கள் ஊர் திரும்ப, முகாம் வேறு பெண்களோடு தஞ்சாவூரில் தொடரும். "நல்லபடியா முடிச்சுக் குடு, அங்கயும் உன்னையே வெச்சுக்கறேன்" என்று மேடம் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது. அதுவரை அம்மா இல்லாமல் நான் போன அதிகபட்ச தூரம் செங்கல்பட்டு.

விடைபெறும் நாளில் ஐவருக்கும் முகாம் சார்பில் பட்டுச்சேலை என்று முடிவானது. யாரும் கேட்காமலே நான் எழுந்து, "ஜாக்கெட் என் பொறுப்பு மேடம். அவங்களுக்குத் தெரியவே வேணாம், சர்ப்ரைஸா குடுக்கலாம்" என்றேன்.

ஜாக்கெட் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அளவு எங்க?"

வெள்ளைக்காரப் பெண்களின் அளவு ஜாக்கெட்டுக்கு நான் எங்கே போவேன்? மறுநாள் விடுதி மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த டி-ஷர்ட்டுகளில் ஆளுக்கு ஒன்றாக உருவிக்கொண்டு வந்தேன். தைத்து முடிந்ததும் சத்தமில்லாமல் கொடியிலேயே போட்டுவிடலாம் என்பது என் மகா திட்டம். அந்தப் பெண்கள் அரிசி மூட்டை அகலத்துக்குத் தொளதொளவென்று போடுபவர்கள் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

அம்மா ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இவ்ளோ பெருசா இருக்குது?" என்றாள்.

"அந்த ஊர்ப் பொண்ணுங்க வாட்டசாட்டமா இருப்பாங்கம்மா. நீ தைம்மா."

"அளவு குட்த்தவ நீ. அப்பறம் என்னைக் கேக்காத."

அங்கே விடுதியில் ஹன்னா என்ற பெண் தன் சட்டையைக் காணோம் என்று தேட ஆரம்பித்தாள். நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும். எங்க ஊர்ல அது சகஜம்" என்றேன். மேடம் உடனே வாட்ச்மேனை மாடிக்கு அனுப்பினார். பாவம், அந்த மனிதர் கையில் கம்போடு இல்லாத குரங்குக்குக் காவல் இருந்தார்.

திட்டத்தில் ஒரே ஓட்டை, அம்மா விடைபெறும் நாள் காலையில்தான் தைத்து முடித்தாள். பெயர் எழுதி, காகிதத்தில் சுற்றி, நூல் கட்டித் தந்தாள். "அளவுத் துணி எங்கம்மா?" என்று கேட்கக்கூட நேரமில்லாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

விடுதி வாசலில் வேன் நின்றது. தாமரை இலை போல எதிலும் ஒட்டாத மேடமே அன்று இரண்டு முறை மூக்கைத் துடைத்தார். அந்த ஐந்து பேரையும் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போயிருந்தது. சேலையோடு என் பொட்டலத்தையும் கொடுத்தோம். முதலில் பிரித்தவள் ஹன்னா. ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்தாள். அதற்குள் இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். அதன் முதுகில், ஊக்குக் குத்தி, துவைத்து இஸ்திரியும் போட்டு, அவளுடைய டி-ஷர்ட்.

அடுத்தடுத்த பொட்டலங்களும் பிரிந்தன. வாட்ச்மேன் கம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மேடமும் பார்த்தார். தஞ்சாவூர் போச்சு என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஹன்னா முகாமில் படித்த தமிழைத் திரட்டி, நிதானமாகச் சொன்னாள்: "இந்தக் குரங்கு மிகவும் நன்றாகத் தைக்கிறது."

மேடம் சிரித்தார். சேர்த்து வைத்திருந்த அத்தனை சிரிப்பையும் அங்கேயே செலவழித்தார். பெண்கள் அந்த டி-ஷர்ட்டுகளின் மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு வேனில் ஏறினார்கள். அவர்களை விமான நிலையத்தில் விடுவதற்காகக் கடைசியாக ஏறிய மேடம் ஜன்னல் வழியாக, "நாளைக்குக் காலைல பஸ் புடிச்சு தஞ்சாவூர் வந்துடு. இனிமே அளவு வேணும்னா வாயத் தொறந்து கேளு" என்றார்.

அந்த மார்கழியில் ஹன்னா தன் ஊரிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். சுற்றிலும் பனி. தடிமனான கம்பளி ஸ்வெட்டர். அதற்கு மேலே அம்மா தைத்த ஜாக்கெட், அளவெடுத்துத் தைத்தது போல அத்தனை கச்சிதமாக. அம்மா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் தப்பா தெக்கல. அந்த ஊரு குளிருக்குத் தெச்சிருக்கேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பாவின் பேன்ட் இடுப்பில் நிற்காவிட்டாலும் சரி, தம்பியின் செருப்பு பெரிதாகப் போனாலும் சரி, "குளிருக்கு ஆகும், வெச்சிக்க" என்பதுதான் பேச்சு.

இப்போது எனக்கே அந்தப் பக்கம் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஐந்து பேரை வழியனுப்பியவள், அடுத்த மாதம் கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறேன். அம்மா எனக்கு ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அளவு கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை. "குளிருக்குத்தான" என்று பெரிதாகவே வெட்டுகிறாள்.