லிங்கராஜபுரத்தில் நீ செத்துப் பதினோரு வருஷம்

லிங்கராஜபுரம், பெங்களூரு.
செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது.

கர்த்தருக்குள் அன்பான தம்பி எரிக்குக்கு அண்ணன் ஓஸ்வால்ட் எழுதுவது. அவர் கிருபையால் நான் சுகம். முழங்கால் மட்டும் ஜெபத்துக்கு ஒத்துழைப்பதில்லை. பொன்மலையில் நீயும் உன் மகள் குளோரியாவும் அவள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இது என் கையெழுத்துதான், சந்தேகப்படாதே. எழுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பெயின்ட் பிரஷ் பிடித்த கைக்குப் பேனா ரொம்ப ஒல்லியாக இருக்கிறது. மேலே உள்ள நாலு வரிக்குள் ஒரு டம்ளர் காபி ஆறிவிட்டது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. தீப்பெட்டி முதல் சீயக்காய்த்தூள் பாக்கெட் வரை தமிழ் இருக்கும் எதையும் விடுவதில்லை. பஸ் போர்டு கன்னடத்தில் இருப்பதால் இன்னும் கண்டக்டரைத்தான் கேட்கிறேன்.

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. லிங்கராஜபுரத்தில் நீ செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

கொன்றது நான்தான். எப்படி என்றால், உன் அண்ணி பியாட்ரிஸ் இறந்த நாலாம் மாதம் குளோரியா கல்யாணம் வந்ததே, அங்கே நீ எல்லார் முன்னாலும் வேதத்தை நீட்டி, "அண்ணே, நீங்கதான் இன்னிக்கு வாசிக்கணும்" என்றாய். நான் எப்போதும் வேதத்தை அக்குளில் வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்து, அண்ணன் எப்படியோ படித்துவிட்டான் என்று நம்பி, மரியாதைக்காகத்தான் கேட்டாய். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. "அவமானப்படுத்தவா கூப்பிட்டே?" என்று கத்திவிட்டு, பிரியாணிகூடச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன். ஒரு மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. படித்துக்காட்டப் பியாட்ரிஸ் இல்லை. வேறு யாரிடமாவது கொடுத்தால் எனக்குப் படிக்கத் தெரியாது என்பது தெரிந்துவிடும். வேதத்தின் உறைக்குள் செருகிவிட்டு, "தம்பி என்னைத் திட்டி எழுதியிருக்கான்" என்று அப்போது குடியிருந்த தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

பிறகு இங்குள்ள ஜெபவீட்டில் சேர்ந்தேன். ஒருநாள், கர்த்தர் என்னைத் திருத்திய கதையைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் குடி, சூது, ஜெயில் என்று அள்ளி விடுகிறார்கள். உனக்கே தெரியும், பிராந்தி வாசனை பட்டாலே எனக்குத் தும்மல் வரும். வெறுங்கையோடு எப்படி நிற்பது? நானும் பெரிய குடிகாரன் என்றேன். போதையில் தம்பியை மாடிப்படியில் தள்ளிவிட்டேன் என்றேன். முன்வரிசையில் ஐரின் சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யோ, அந்தத் தம்பிக்கு என்னாச்சு ப்ரதர்?" என்று கேட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்றேன். மூன்றாம் நாள் என்றதும் எல்லாருடைய முகத்திலும் ஒரு நம்பிக்கை வந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "செத்துட்டான் சிஸ்டர்" என்றேன். போலீஸிடம் "நானே வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டுச் செத்தாய். உன்னை நல்லவனாகத்தான் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எந்த உபவாச ஜெபம் என்றாலும் "ஓஸ்வால்ட் ப்ரதர் சாட்சி" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆதியாகமத்தில் தம்பியைக் கொன்ற அண்ணன்கூட ஒரே தடவைதான் கொன்றான். நான் வருஷத்துக்கு நாலு தடவை கொன்றேன்.

இப்படி மகிமையாகப் போய்க்கொண்டிருந்தபோது போன வருஷம் சபையில் கண் முகாம் நடத்தி என் புரையை எடுத்துவிட்டார்கள். "கண்ணு மங்கல், நீங்களே வாசிங்க" என்ற என் சாக்கும் அதோடு போனது. அடுத்த வாரமே ரிட்டையர்ட் டீச்சர் பிரிஜெட் அம்மா, குஷ்டரோகச் சட்டங்கள் உள்ள அதிகாரத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். நான் மனப்பாடமான மேய்ப்பன் சங்கீதத்தைக் கணீரென்று சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்கண்ணே. ஸ்லேட்டு என்கிட்டயே இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

இந்த வருஷம் சபைக்கு வெள்ளிவிழா. க்ளென் பாஸ்டர் என் சாட்சியை விழா மலருக்கு எழுதித் தரச் சொன்னார். அதே வாரம், "விக்கிரகம் கல்லுல மட்டும் இல்ல. எதைத் தொட்டா உங்களுக்குச் சுருக்குன்னு கோபம் வருதோ, அதுதான் உங்க விக்கிரகம்" என்று பிரசங்கமும் செய்தார். வீடு முழுக்கத் தேடினேன். காபியாக இருக்குமோ என்று மூன்று நாள் நிறுத்தினேன். தலைவலிதான் வந்தது. டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். காதால் கேட்டேன். கடைசியில் பிரிஜெட் அம்மா ஸ்லேட்டைத் துடைத்துக்கொண்டே, "தம்பி நிஜமாவே செத்துட்டாராண்ணே?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! "என் தம்பி, நான் கொன்னேன், உங்களுக்கென்ன?" என்று எழுந்து வந்துவிட்டேன். பாதித் தெருவில் நின்றேன். விக்கிரகம் அகப்பட்டுவிட்டது. என் சாட்சியையே நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். சொல்லும்போது பொய் ஒரு நொடியில் வாயைவிட்டுப் போய்விடுகிறது. எழுதும்போது கால்மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. "நான் குடிகாரன்" என்று எழுதுவதற்குள்ளேயே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அடித்துவிட்டேன். அடித்து அடித்து, பதினோரு வருஷத்துச் சாட்சியில் மிஞ்சியது நாலு வரி: எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்ததுபோல் நடித்தேன். அதனால் தம்பியை இழந்தேன். அவன் உயிரோடு இருக்கிறான்.

பிறகு வேத உறைக்குள்ளிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். இரண்டு நாள் படித்தேன். "அண்ணே, தெரியாமல் கேட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. உங்கள் பங்கு பிரியாணியை ராத்திரி வரைக்கும் மூடி வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள்" என்று எழுதியிருந்தாய். எந்தக் கிறிஸ்துமஸ் என்று எழுதவில்லை. அதனால் இன்னும் நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு எல்லார் முன்னாலும் அந்த நாலு வரியை வாசிக்கப்போகிறேன். இனி என் வாயிலிருந்து ஒரு பொய் வராது. விக்கிரகத்தை உடைத்தாகிவிட்டது. தம்பி, என்னை மன்னித்துவிடு. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது, போதும். இப்போது நானே படித்துக்கொள்வேன்.

குளோரியாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கர்த்தர் உன் வாசலைக் காப்பாராக.

உன் அண்ணன்,
ஓஸ்வால்ட்

பின்குறிப்பு: உறையில் உன் விலாசம் எழுதி முடிப்பதற்குள் மூன்று ஞாயிறு போய்விட்டது. நாலு வரியையும் வாசித்தேன். சபையே எழுந்து நின்று அழுதது. ஐரின் சிஸ்டர், "பழைய சாட்சியவிட இது நல்லாருக்கு ப்ரதர்" என்றார். உடனே அல்சூரில் ஒரு சபையும் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சபையும் பொய்யை ஜெயித்த சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அல்சூரில் நாலு வரியோடு நிறுத்தினேன். "தம்பி மன்னிச்சாரா ப்ரதர்?" என்று ஓர் அம்மா கேட்டார். நீ அழுதுகொண்டே ரயிலைவிட்டு இறங்கி ஓடிவந்து பிளாட்பாரத்திலேயே என்னைக் கட்டிக்கொண்டாய் என்று சொல்லிவிட்டேன். ஸ்ரீராம்புரத்தில் சொன்னபோது உன் கையில் பிரியாணித் தூக்குச்சட்டியும் இருந்தது. இருபதாம் தேதி ஓசூரில் பெரிய கூட்டம். அதனால் இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி, பத்தொன்பதுக்குள் வந்து சேர். ரயிலில்தான் வர வேண்டும். தூக்குச்சட்டியை மறந்துவிடாதே.