என் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ கொடுத்த பேட்டி

மனிதவளத் துறைத் தலைவரும் என் மனைவியின் தம்பியுமான உனக்கு,

எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இனி முடியாது. முறைப்படி முதலில் நலம்: உன் அக்கா நலம், பிள்ளைகள் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கும் வழக்கம் உனக்கு இல்லாததால் அதை எழுதவில்லை.

நேற்றைய பத்திரிகையில் உன் பேட்டியைப் பார்த்தேன். மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று சோதிக்கும் என் இயந்திரத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். "திறமையான விஞ்ஞானிகளுக்குக் கடும் பஞ்சம், சல்லடை போட்டுத் தேடியும் ஆள் கிடைப்பதில்லை" என்கிறாய். வணிகம் படித்த நீ மாட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக் கோட்டு என்னுடையது. இடது பையில் தெரிகிறதே மைக்கறை, அது பத்தொன்பது வருஷமாக நான் வளர்த்தது. கோட்டு கிடைத்துவிட்டது, அதற்குள் இருந்த ஆள்தான் கிடைக்கவில்லையாக்கும்!

அந்த ஆளை எங்கே தொலைத்தாய் என்று நான் சொல்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் அறுபத்து மூன்று பேரைக் கான்டீனுக்கு வரச்சொல்லி, ஆளுக்கோர் அட்டைப்பெட்டி கொடுத்து, பத்து நிமிஷத்தில் மேசையைக் காலி செய்யச் சொன்னீர்கள். பெட்டியின் அடியில் ஒட்ட டேப் கொடுக்கவில்லை, சிக்கனமாம். முனைவர் பட்டம் வாங்கிய பதினொரு பேர் பெட்டிக்கு அடியில் கையைக் கொடுத்துக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணிகள்போல வாசலைத் தாண்டினோம். வாசலில் நின்று நீ என்ன சொன்னாய்?

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தான். இது உங்களைப் பத்தி இல்ல, பதவியைப் பத்தி."

"அந்தப் பதவியில நான்தானேடா உக்காந்திருந்தேன்?"

என் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து நீயே கழற்றிக்கொண்டாய். உன் கல்யாணத்தில் உனக்கு மாலையைச் சரிசெய்துவிட்டவன் நான்.

ஐந்தாம் மாதம் அதே பதவிக்கு விளம்பரம் வந்தது. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு விண்ணப்பித்தேன். நான்கே நிமிஷத்தில் நிராகரித்துக் கடிதம் வந்தது. பத்தொன்பது வருஷ அனுபவத்தை நான்கு நிமிஷத்தில் படித்துவிட்டார்களே என்று வியந்துபோய் உனக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டமே தள்ளிடுச்சு அத்தான். உங்க வேலையில அஞ்சு மாசம் இடைவெளி காட்டுது."

"அந்த இடைவெளியைக் குடுத்ததே நீதானேடா!"

"அது வேற ஃபைல் அத்தான்."

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாயே, அதையும் எழுதிவிடுகிறேன். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டீயை ஆற்றியபடி, "அந்த இருதய மாத்திரை மூணு தடவையா சோதனையில தோத்துப்போச்சு. அரை மணியில கரையணுமாம், கரைய மாட்டேங்குது. சரக்கெல்லாம் கிடங்குல நிக்குது. ஒரு ரெண்டு மணி நேரம் வந்து காட்டிட்டுப் போங்களேன், விசிட்டர் பாஸ் நானே வாங்கித் தர்றேன்" என்றாய். வேலையில் இருந்தபோதே அந்தச் சோதனையைச் செய்யும் முறையை நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேனே, அது எங்கே என்று கேட்டேன். போனவர்களின் காகிதமெல்லாம் ரகசியம் என்று இயந்திரத்தில் போட்டு நறுக்கிவிட்டார்களாம். யார் உத்தரவு என்றேன். "நான்தான் சொன்னேன்" என்று நீ சொன்னபோது ஒரு நொடி உன் முகத்தில் மனிதக் களை தெரிந்தது, டீயைக் குடித்ததும் போய்விட்டது. உள்ளிருந்து உன் அக்கா, "போயிட்டு வாங்களேன், வீட்ல சும்மாதானே இருக்கீங்க" என்றாள். அந்த 'சும்மா' என்ற சொல் மூன்று நாளாகத் தொண்டையில் நிற்கிறது.

ஆகவே கேட்டுக்கொள். வேலை ஆணை எழுத்தில் கைக்கு வரும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன். தப்பு எங்கே என்று எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரியும், சொல்ல மாட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எல்லா நலனும் கிடைக்கட்டும், திறமையானவர்களைத் தவிர.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உன் அக்கா இப்போதுதான் உங்கள் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு வாரமாக எந்த மருந்துக்கடையிலும் அவர் போடும் அந்த இருதய மாத்திரை இல்லையாம். கையிருப்பைப் பாதிப் பாதியாக உடைத்து விழுங்குகிறார். "அவன்கிட்ட சொல்லிடாத, அவனுக்கு ஆயிரம் வேலை" என்றாராம். இதைச் சொன்னவள் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

எழுதிக்கொள். அநேகமாக மாத்திரையில் கோளாறு இல்லை, சோதனைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவதில்தான். காற்றை நீக்கிய தண்ணீரை உயரத்திலிருந்து மடமடவென்று ஊற்றினால் மறுபடியும் காற்று கலந்துவிடும். குமிழிகள் மாத்திரையில் ஒட்டிக்கொண்டு அதைக் கரையவிடாது. புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு, முதல் வருஷம் நானும் செய்தேன். பாத்திரத்தின் சுவரை ஒட்டி மெல்ல வழியவிடச் சொல். அப்படியும் கரையாவிட்டால் மாத்திரையே சரியில்லை, ஒன்றைக்கூட வெளியே விடாதே.

ஆய்வகத்தில் இப்படி ஒரு குறிப்பு எழுதினால் அங்கே வேலை செய்கிறவர் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். நான் அங்கே வேலை செய்யவில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.