உதயகலாவுக்கு ஒரு ஸ்பானர் பெட்டி

தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போது கோண்டாவில் அருளம்பலத்தாருக்குத் திடீரென்று மனைவி மேல் அன்பு பொங்கியது. மருதனார்மடச் சந்தியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்தச் சிவப்புப் பெட்டியைக் கண்ட பிறகுதான் பொங்கியது என்பதை அவர் வெளியில் சொல்லவில்லை. பெட்டிக்குள் பெரிதும் சிறிதுமாய் ஸ்பானர்கள், நடுவில் மாப்பிள்ளை மாதிரி ஒரு துளை போடும் மெசின்.

வீட்டில் தடைச்சட்டம் இருந்தது. ஸ்கூட்டர் மட்டும் வைத்திருக்கிற மனிதர் காரைத் தூக்கும் ஜக் வாங்கி வந்த அன்றே உதயகலா சொல்லிவிட்டாள்: "இனி உங்களுக்கெண்டு ஒரு ஆணியும் இந்தப் படலை தாண்டி வரக்கூடாது."

உங்களுக்கென்றுதானே வரக்கூடாது? அவளுக்கென்று வந்தால்?

தீபாவளிக் காலையில், கனடாவிலிருந்து உதயகலாவின் தங்கச்சி ஆரணி போனில் முகம் காட்டிய நேரம் பார்த்து, சரிகைத்தாள் சுற்றிய பெட்டியை நீட்டினார். சாட்சி இருந்தால் சண்டை வராது என்பது அவர் கணக்கு.

"இஞ்சாரும், இது உமக்கு."

"எனக்கோ?"

"உமக்குத்தான். உமக்கு மட்டும்தான்."

அந்த 'மட்டும்' தேவையில்லாதது. சந்தோசத்தில் வழுக்கி விழுந்துவிட்டது.

"அத்தான், நட்டுக் கழண்டு போச்சோ? சீலை குடுக்கிற நாளிலை ஸ்பானரோ?" என்று போனுக்குள் இருந்து ஆரணி கத்தினாள்.

"கழண்டால் பூட்டத்தானேயடி ஸ்பானர்" என்று உதயகலா சிரித்தாள். "நல்ல சாமான்."

வென்றுவிட்டார் அருளம்பலத்தார். ஆட்டிறைச்சிக் கறியோடு ஒரு பிடி பிடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தால் பெட்டியைக் காணவில்லை.

"பெட்டி எங்கை?"

"அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டியாச்சு."

"திறப்பைத் தாரும். சும்மா ஒருக்காப் பாக்க."

"என்ரை கூறைச்சீலையையும் சும்மா ஒருக்கா எடுத்து உடுத்துப் பாப்பியளோ?"

"அதெப்பிடி... அது உம்மடை சீலை."

"இதும் என்ரை பெட்டி. எனக்கு மட்டும் எண்டு தங்கச்சிக்கு முன்னாலை சொன்னது ஆர்?"

"உமக்கு உதாலை என்ன செய்யிறதெண்டு தெரியுமே?"

"உள்ளுக்கை ஒரு சின்னப் புத்தகம் கிடக்கு. வாசிக்கிறன்."

அருளம்பலத்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆம்பிளை எவனாவது அந்தப் புத்தகத்தை வாசித்திருக்கிறானா?

சிரிப்பு அந்தக் கிழமை முடியும்வரைகூட நிலைக்கவில்லை. "நாளைக்குச் செய்வம்" என்று அவர் வருடக்கணக்காய்ச் சொல்லிவந்த குசினிப் பைப், ஒழுகுவதை நிறுத்தியது. பிறகு முன்வீட்டு ஜெசிதாவின் கேற் கிரீச்சிடாமல் திறந்தது. அதற்குப் பிறகு மானத்தை வாங்கவென்றே, கந்தோர் வேலைக்கு வெளிக்கிடும் நேரம், ஸ்கூட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அருளம்பலத்தார் உதைத்தார். கெஞ்சினார். முருகனைக் கூப்பிட்டார். உதயகலாதான் வந்தாள், பெட்டியோடு.

"பிளக்கிலை கரி பிடிச்சிருக்கும்."

"அது எனக்கும் தெரியும். ஸ்பானரைத் தாரும்!"

"வெள்ளைச் சேட்டு ஊத்தையாப் போகும். நீங்கள் போய் அடுப்பிலை பாற்சொதியைத் துழாவுங்கோ. விட்டால் திரைஞ்சு போகும்."

அவர் துழாவினார். வெளியே ஸ்கூட்டர் உறுமியது. உள்ளே சொதி திரைந்தது.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுச் சண்முகநாதன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினான்.

"அண்ணை, அக்கா நிக்கிறாவோ? எங்கடை தண்ணி மோட்டர் சத்தம் போடுது."

அருளம்பலத்தார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "அதுக்கேன் அக்கா? நான் வாறன்."

"ஓம், நீங்களும் வாங்கோ அண்ணை" என்றான் சண்முகநாதன். "பெட்டி பாரம்தானே, அக்கா தனியத் தூக்க மாட்டா."