நாரை கக்கிய கல்யாணம்

முட்டை கலந்த கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பும் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், மீனில் பாதரசம் இருக்கிறதா என்று ஆராயக் கிளம்பினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. பாடுபடுவது குடும்பம்தான்.

காற்றில் கலக்கும் பாதரசம் குளத்தில் இறங்கி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் ஏறிக்கொண்டே போகும். அம்பாசமுத்திரம் பக்கத்துக் குளம் ஒன்றில் நாரைகள் எவ்வளவு பாதரசத்தைக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்குக் குஞ்சு தின்ற மீன் வேண்டும். பயந்தால் குஞ்சு அதைக் கக்கிவிடும். (நான் முதுகலையில் பல்கலைக்கழக முதலிடம். அதற்குப் பிறகு இந்த வேலை.)

இரண்டு தடவை போயும் ஒரு குஞ்சும் கக்கவில்லை. அவை பறக்கத் தொடங்கிவிட்டால் அடுத்த வருஷம்தான். அதனால் கல்லிடைக்குறிச்சியில் சித்தி மகள் கல்யாணத்துக்கு அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போன காலையில், வண்டியைக் குளக்கரைக்குத் திருப்பினேன்.

“ஏட்டி, இங்கன எதுக்கு நிப்பாட்டுதே?”

“ஒரு நிமிஷம்மா. மீன் பொறுக்கணும்.”

“பட்டுச் சேலையிலயா?”

பட்டுச் சேலையில்தான். மருதமரத்தடியில் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கையுறை மாட்டி, அண்ணாந்து நின்றேன். மேலே குஞ்சுகள் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இன்று வாங்காமல் போவதில்லை என்று நானும் நின்றேன்.

பொறுமையிழந்த அம்மா என்னை இழுத்துப்போக மரத்தடிக்கு வந்தாள். அவள் தோளருகே எச்சம் ஒன்று விழுந்தது. சேலையைக் காப்பாற்றக் கையிலிருந்த குடையின் பொத்தானை அழுத்தினாள். கறுப்புக் குடை ‘டப்’பென்று விரிந்தது.

மரம் முழுக்க ஒரே நேரத்தில் கக்கியது.

பாதி குடைமேல். மீதி என் தலையில், தோளில், ஜாக்கெட் கைக்குள். விரிப்பில் மட்டும் ஒன்றுகூட விழவில்லை.

அம்மா குடையை மடக்கப் போனாள்.

“அம்மா, மடக்காதே. அதுல என் சாம்பிள் இருக்கு.”

குடையிலிருந்தும் கொண்டையிலிருந்தும் மீன்களை எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்த பிறகுதான் குழாயடிக்குப் போனேன். மீன் வாடை கழுவினால் போகும். நாரை வயிற்றில் பாதி செரித்த மீனின் வாடை கழுவினால் பரவும்.

மண்டபத்தில் தாலி கட்டும்வரை தூணோரம் ஒதுங்கி நின்று சமாளித்துவிட்டேன். பந்தியில் சிக்கிக்கொண்டேன். எனக்கு மூன்று இலை தள்ளி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, சாம்பாரை முகர்ந்துவிட்டு எழுந்தார்.

“என்ன வே, மீன் வாடை அடிக்குது?”

சமையல்காரர் ஓடிவந்தார். “அண்ணாச்சி, இந்தப் பாத்திரத்துல முட்டைகூட அவிச்சதில்ல. சத்தியமா சொல்லுதேன்.”

“அப்பம் என் மூக்கு பொய் சொல்லுதா?”

மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக இலையை விட்டு எழுந்தார்கள். சித்தப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. மணமேடையில் சித்தி மகள் அழத் தயாரானாள். இனி ஒளிவதில் அர்த்தமில்லை.

“வாடை என்கிட்ட இருந்துதான் வருது” என்றேன்.

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பாதரசத்தில் தொடங்கினேன். அப்போது அம்மா எழுந்தாள். குளக்கரையை விட்டதிலிருந்து என்னோடு பேசாதவள்.

“என் மவ ஆராய்ச்சி பண்ணுதா. அவ மீன் திங்கல. நாரை தின்னுச்சு. நாரை கக்குச்சு. இவ பொறுக்குனா, அம்புட்டுதான்.”

பெரியப்பா என் பக்கம் வந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தார்.

“அப்பம் சாம்பார்ல குத்தமில்ல” என்று சொல்லி உட்கார்ந்தார். “எனக்குக் கொஞ்சம் ஊத்துங்க. இந்தப் பிள்ளைய மட்டும் காத்து அடிக்கிற பக்கம் உக்கார வைங்க.”

வாசல் ஓரத்தில் தனி இலை போட்டார்கள். பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

கொண்டையில் கிடைத்த மீன் உட்பட எல்லாவற்றிலும் பாதரசம் இருந்தது. ஆய்வேட்டில் அதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இப்போது எங்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதுவானாலும், பத்திரிகை வந்த பிறகு எனக்கு மட்டும் தனியாக ஒரு போன் வரும்.

“கண்டிப்பா வந்துரணும், என்னா? குளத்து வழியா மட்டும் வராண்டாம்.”