பழகிட்டு வாங்க

நம்மிடையே ஒரு வகை மனிதர் உலவுகிறார். அவருக்கு முன் அனுபவக்காரர் என்று பெயர் வைக்கலாம். அவரிடம் அனுபவம் இருக்கிறது என்பதால் அல்ல, உங்களிடம் இருக்கிறதா என்று ஓயாமல் கேட்பதால். மழைக்கு அவர் வீட்டு வாசலில் ஒதுங்கினால்கூட, இதற்கு முன் எங்கே ஒதுங்கினீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் துண்டு தருவார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். திருப்பூரில் வீதிக்கு ஒருவர். நல்ல மாதிரி வேண்டுமென்றால் அங்கே ராயபுரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் வேலுமணியைப் பாருங்கள். ஊத்துக்குளியிலிருந்து வெண்ணெய் கொண்டுவருபவரிடம் எத்தனை வருஷமாக எருமை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார், எருமை புதுசு என்று தெரிந்தால் வெண்ணெயை இன்னொரு முறை முகர்ந்து பார்ப்பார். வாட்ச்மேன் வேலைக்கு வந்தவரிடம் தூங்காமல் இருந்து எத்தனை வருஷப் பழக்கம் என்பார். பக்கத்தில் புது டாக்டர் போர்டு மாட்டினால், தலைவலியைச் சுமந்துகொண்டு நாலு வீதி தாண்டிப் பழைய டாக்டரிடம் போவார். தங்கை மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில், பழக்க தோஷத்தில், "மாப்பிள்ளைக்கு இதுக்கு முன்னால..." என்று ஆரம்பித்துவிட்டார். மனைவி சாரதாமணி அவர் காலை நன்றாக மிதித்ததால்தான் அந்தச் சம்பந்தம் கூடிவந்தது.

அப்படியானால் வேலுமணி எங்கே பழகினார்? நல்ல கேள்வி. அவரிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர் முதன்முதலில் தைத்து அனுப்பிய லோடில் எல்லா பனியனுக்கும் இடது கை வலது கையைவிட நீளம். வாங்கிய வியாபாரி அனுபவம் கேட்கவில்லை. விலையைக் கேட்டார், மலிவாக இருந்தது, வாங்கிக்கொண்டார். இந்தக் கதை வேலுமணிக்கு மறந்துபோய்விட்டது. இந்த இனத்துக்கு ஞாபகசக்தி அந்த ஓர் இடத்தில் மட்டும் வேலை செய்வதில்லை.

கம்பெனி கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கும். 'அனுபவமுள்ள ஓவர்லாக் டெய்லர்கள் தேவை.' மற்ற எழுத்தெல்லாம் நீலம். 'அனுபவமுள்ள' மட்டும் சிவப்பு.

ஒரு நாள் அந்தச் சிவப்பைப் படிக்காமலோ, படித்தும் துணிந்தோ, சீனியம்மாள் என்ற பெண்மணி மகள் அபிராமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மகள் வேலைக்குப் போனால்தான் வாடகை வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை. வேலுமணி வழக்கமான கேள்வியைக் கேட்டார். இதுவரை எங்கும் வேலை பார்த்ததில்லை என்று சீனியம்மாள் உண்மையைச் சொல்லிவிட்டார். ஊருக்குப் புதுசு, பாவம்.

"அப்டீங்களா. எங்காச்சும் பழகிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் வேலுமணி, மரியாதைக்குக் குறைவே இல்லாமல்.

"எல்லாரும் இதையேதேன் சொல்றாக. யாருமே சேத்துக்கிறலன்னா புள்ள எங்கிட்டுங்கய்யா போயிப் பழகும்?"

"அதைய நாஞ் சொல்ல முடியுங்களாம்மா?"

கேட் சாத்தப்பட்டது. இதில் வேலுமணிக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மிஷின், ஒரு நொடி அசந்தால் துணியைத் தின்றுவிடும். சாதாரணத் தையல் மிஷினில் பத்து வருஷம் தைத்தவரைக்கூட அவர் ஓவர்லாக்கில் உட்கார விடமாட்டார். அது வேற மிஷின், இது வேற மிஷின் என்பார். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இவருக்குத்தான் விமானம் ஓட்ட ஆசைப்பட்ட ஒரு மகள் வாய்த்தாள்.

கிருத்திகா ப்ளஸ் டூ முடித்த சமயம், நாட்டில் மாதத்துக்கு ஒரு விமானக் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்தது. பைலட்டுகள் போதவில்லை, வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்து ஓட்டுகிறார்கள் என்று பேப்பரில் எழுதினார்கள். வேலுமணி கணக்குப் போட்டுப் பார்த்து மகளைப் பறக்கப் படிக்க அனுப்பினார். லைசென்ஸ் வாங்க இருநூறு மணி நேரம் பறந்திருந்தால் போதும் என்று கேள்விப்பட்டபோது அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இருநூறு மணி நேரந்தானா? நம்ம கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் ஓட்டற டெய்லரு மூணு வாரத்துல முடிச்சுப் போடுவானே" என்றார். கிருத்திகாவுக்கு அப்படி முடியவில்லை. மேகம் வந்தது, விமானம் ரிப்பேரானது, பரீட்சை தள்ளிப்போனது. எல்லாம் முடிந்து கிருத்திகா லைசென்ஸோடு வந்து இறங்கியபோது, அமெரிக்காக்காரர் பனியன் வாங்குவதைக் குறைத்திருந்தார், விமானக் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தன. வீட்டில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு பேப்பரில் ஆளுக்கொரு மந்தத்தைப் படித்தார்கள்.

அபூர்வமாக ஒரு விளம்பரம் வரும். துணை விமானி தேவை. கீழே பொடி எழுத்தில்: எங்கள் வகை ஜெட்டில் ஐந்நூறு மணி நேரம் பறந்த அனுபவம் கட்டாயம்.

"உன்றகிட்டத்தான் இருநூறு இருக்குதுல்ல கண்ணு? மிச்சத்தை ஓட்டிட்டாப் போச்சு."

"அது சின்ன ஃப்ளைட்ல ஓட்டுனதுங்கப்பா. அதைய இதுல சேத்த மாட்டாங்க. அது வேற மிஷின், இது வேற மிஷின்."

வேலுமணி அந்தப் பொடி எழுத்தை இன்னொரு முறை படித்தார். சற்று யோசித்து, ஜெட்டில் எப்படி ஐந்நூறு சேர்ப்பது என்றார். விமானக் கம்பெனியில் வேலை பார்த்தால் சேரும் என்றாள். வேலைக்கு எப்படிச் சேர்வது? ஐந்நூறு இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். செக்கு மாடுகூட இதைவிடக் கொஞ்சம் முன்னேறும்.

ஆனாலும் அவர் திருப்பூர்க்காரர். நூலை வெளியே கொடுத்துத் துணியாக்குகிறோம், சாயத்துக்கு வெளியே கொடுக்கிறோம், எம்பிராய்டரிக்கு வெளியே கொடுக்கிறோம். ஐந்நூறு மணி நேரத்தை மட்டும் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து முடிக்க முடியாதா? நாலு நாள் போன் மேல் போன் போட்டு, ஜெட் விமானம் மணிக்கணக்கில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். ஐந்தாம் நாள் ஒருவர், டிராவல்ஸ் வைத்திருப்பவர், டெம்போ டிராவலர் இருக்கிறது பரவாயில்லையா என்று கேட்டார். அதோடு வேலுமணி விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

இதற்குள் சாரதாமணி ஒரு கெடு வைத்துவிட்டார். பறக்காமல் கிடந்தால் லைசென்ஸ் துருப்பிடிக்கும், மகளுக்கும் வயசு ஏறிக்கொண்டே போகும்; சேவூரில் தோட்டம் துரவோடு ஒரு மாப்பிள்ளை இருக்கிறார்; அடுத்த தை வரைக்கும் பார்ப்பது, வேலை இல்லையென்றால் கல்யாணம். கிருத்திகா அம்மாவிடம் எதிர்த்துப் பேசவில்லை. அறைக்குப் போய், ஜெட் விமானத்தின் விமானி அறையைப் பெரிய படமாகச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு விசைகளைத் தொட்டுத் தொட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், தரையிறங்கிவிட்டு வருகிறேன் என்பாள்.

விளம்பரம் கொடுத்த ஒரு விமானக் கம்பெனி சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நேர்காணல் வைக்கிறது என்று தெரிந்ததும் வேலுமணியும் கூடவே காரில் கிளம்பினார். உள்ளே போன மகள், டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்தார். யாரும் தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நரைத்த மீசையுடன் ஒரு கேப்டன் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

தன் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு என்று வேலுமணி விளக்கினார். வாய்ப்பேச்சை நம்புவதில்லை, வந்தவரை மிஷினில் உட்கார வைத்து ஒரு பீஸ் தைக்கச் சொல்வோம், நேராக இருந்தால் வேலை, கோணலானால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். "அதே மாதிரி எம்புள்ளைய ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிப் பாருங்க சார்."

"பின்னாடி நூத்தம்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க சார். எந்தப் பீஸைக் கோணலா தைக்கச் சொல்றீங்க?"

வேலுமணிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அதுதான் வலித்தது. எழுந்து நின்று, தான் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னார்:

"யாருமே சேத்திக்கிலீன்னா புள்ள எங்கீங்க சார் போயிப் பழகும்?"

"அதை நான் எப்படி சார் சொல்றது?" என்றார் கேப்டன், மரியாதைக்குக் குறைவே இல்லாமல். "எங்கேயாவது பழகிட்டு வரச் சொல்லுங்க."

தன் கம்பெனி லேபிள் போட்ட பனியனை முன்பின் தெரியாத ஊர்ச் சந்தையில் பார்த்தவர் போல வேலுமணி திகைத்து நின்றார். தையல், அளவு, எல்லாம் தன்னுடையதுதான்.

திரும்பும் வழியில் கார் சேலம் தாண்டியதும் கிருத்திகா, நம் கேட்டில் சிவப்பில் எழுதி வைத்திருப்பதும் இதுதானே என்றாள்.

"அது வேற, இது வேற கண்ணு" என்றார்.

பாருங்கள், இதுதான் இந்த இனத்தின் பலம். மனம் திருந்திப் பலகையைப் பிடுங்கி எறிந்திருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் இல்லை. ஒரு மாதம் டீக்கடையிலும் கோயில் கமிட்டியிலும், அனுபவம் கேட்கிற நாடு உருப்படுமா என்று முழங்கினார். முழங்கிவிட்டுக் கம்பெனிக்குப் போய், வேலை கேட்டு வந்தவர்களிடம் அனுபவம் கேட்டார்.

பலகை மாறியது பொங்கலுக்குப் பிறகு. ஊருக்குப் போன டெய்லர்கள் பாதிப்பேர் திரும்பவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய ஆர்டர் திடீரென்று உயிர்பெற்று, கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போயே தீர வேண்டும் என்று நின்றது. ஒரு காலை வேலுமணி தாமே ஒரு டப்பா நீலப் பெயின்ட்டோடு வந்து 'அனுபவமுள்ள' என்ற சொல்லின்மேல் பூசினார். மாலையில் ஆள் அனுப்பிச் சீனியம்மாளின் வீட்டைத் தேடிப் பிடித்தார். அபிராமி கழிவுத் துணியில் தைத்துப் பழகினாள். வேலுமணி பின்னால் நின்று பார்த்த நாட்களில் கோணலாகவும், அவர் பேங்குக்குப் போன நாட்களில் நேராகவும் தைத்தாள். கன்டெய்னர் போய்ச் சேர்ந்தது.

அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடியே நிமிர்ந்தார். "கண்ணு, எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு. ஃப்ளைட்டுக் கம்பெனிக்காரவீங்களுக்கும் ஒரு கன்டெய்னரு நிக்கோணும். நின்னுதுன்னா ஐந்நூறாவது ஒண்ணாவது. நீ பழகீட்டே இரு."

கெடு வைத்த தை அதுதான். சேவூர்க்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவரே ஆள் அனுப்பினார். அவர்கள் பொறுக்கவில்லை, மாப்பிள்ளைக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்கள். சாரதாமணி அவரோடு பேசுவதை நிறுத்தினார். கிருத்திகா சுவர்ப் படத்தின் முன்னால் தினமும் தரையிறங்கிக்கொண்டே இருந்தாள்.

கன்டெய்னர் அந்த வருஷக் கடைசியில் நின்றது. ஒரு கம்பெனிக்குப் புது விமானங்கள் வந்திறங்கின, ஓட்ட ஆள் இல்லை. விளம்பரத்தில் ஐந்நூறைக் காணோம். பரீட்சை வைத்தார்கள், விமானம் போலவே ஆடுகிற பெட்டிக்குள் உட்கார வைத்து ஒரு பீஸ் தைக்கவும் சொன்னார்கள். தையல் நேராக இருந்தது. ஜெட்டுக்கான பயிற்சிச் செலவு உங்களுடையது என்றார்கள். வேலுமணி இரண்டு மிஷினை விற்றார்.

இப்போது கடைசிக் காட்சிக்கு வாருங்கள். கோயமுத்தூரிலிருந்து சென்னைக்குப் போகும் விமானம். வேலுமணியும் சாரதாமணியும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கேப்டன் பெயரைச் சொல்லி, துணை விமானி கிருத்திகா என்று ஒலிபெருக்கி அறிவித்தது. சாரதாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலுமணி பெல்ட்டை இன்னொரு பிடி இறுக்கினார். விமானப் பணிப்பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, முன்னால ஓட்டறவீங்களுக்கு எத்தனை வருச சர்வீஸுங்க?"

கேப்டனுக்கு இருபது வருஷம், துணை விமானி புதிது என்றாள் அந்தப் பெண்.

"அது உங்க புள்ளைங்க" என்றார் சாரதாமணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

"அப்ப எந்திரிச்சுப் போயி, பழகிட்டு வரச் சொல்லுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. விமானம் எழுந்தது. சென்னையில் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் மூச்சை வெளியே விட்டார். விட்டதும், மேடு பள்ளம் தெரியாமல் இறக்கினாள் பார்த்தாயா என்று முன்சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார். அதே வாரம் ராயபுரத்தில், கம்பெனியின் முக்கியமான ஓவர்லாக் டெய்லராகிவிட்ட அபிராமி, பக்கத்து மிஷினுக்குப் புதிதாக வந்த ஒடிசாப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, "இதுக்கு முன்னாடி எங்கிட்டு வேலை பாத்த?" என்று கேட்டாளாம்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன மாதம் ஆஸ்பத்திரியில், மருந்து ஏற்றிய ஊசியோடு ஒரு சின்னப் பெண் அருகில் வந்தபோது, அதுவரை சுருட்டி வைத்திருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டு, "பெரிய சிஸ்டர் இல்லீங்களா?" என்று கேட்டது வேலுமணி இல்லை.