ரப்பர் ஒட்டிய சாலைகள்

நகரச் சாலைகளின் தரத்தைக் காதால் சோதிப்பது சாலைத் துறை அலுவலகத்தின் மாண்புமிகு நடைமுறை. மேலதிகாரி காரின் பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்துகொள்வார். தடதடவென்று கேட்டால் சாலை மோசம், கேட்காவிட்டால் ஜோர். கண்ணைத் திறந்து பார்த்தால் பாரபட்சம் வந்துவிடுமாம்.

அவருடைய கார் ஓட்டுநர் அந்தக் காதைத்தான் மலைபோல நம்பியிருந்தார். மனைவிக்கு நிறைமாதம். குழியும் மேடுமான அவர் தெருவுக்குள் வரமுடியாது என்று ஆம்புலன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அடுத்த சோதனை அந்தத் தெருவில்தான். அதிகாரி காதில் நாலு 'டமால்' விழுந்தால் போதும், தார் வந்துவிடும்.

அதற்குள் ஃபேஷன் முந்திக்கொண்டது. வரி அதிகாரி தன் காரின் கதவு, தரை, கூரை எல்லாவற்றிலும் உள்பக்கம் ரப்பர் விரிப்பு ஒட்டிக்கொண்டு, "உள்ளே உக்காந்தா என் மனசாட்சி பேசுறதே கேக்குது" என்று பீற்றிக்கொண்டார். நம் மேலதிகாரிக்கு வயிறு எரிந்தது. மறுநாளே இரண்டு அடுக்கு ஒட்டச் சொன்னார்.

"ஐயா, சத்தத்தை அடைச்சுட்டா சோதனை எப்படிங்க?"

"சோதனைன்னா அமைதி வேணும்ப்பா. சத்தத்துல எனக்கு எப்படிக் கேக்கும்?"

சோதனை நாளன்று ஓட்டுநர் ஒரு குழியையும் விட்டுவைக்கவில்லை, தேடித்தேடி இறக்கினார். அதிகாரியின் தலை கூரையில் போய் இடித்தது. அங்கேயும் ரப்பர், சத்தமே இல்லை.

"அடேயப்பா, வெண்ணெயா வழுக்குதே உன் தெரு!"

"ஐயா, குலுங்கலையா? உங்க மூக்குக்கண்ணாடி கீழே கிடக்கு!"

"குலுக்கல் உடம்பு சமாசாரம். சுகாதாரத் துறைக்கு எழுது."

தெருவே திரண்டு அலுவலகத்துக்குப் போனது. முன்னால் ஓட்டுநர்.

"எங்க வண்டியில எல்லாம் தடதடன்னு கேக்குதுங்களே!"

"அப்போ கோளாறு வண்டியில. எல்லா வண்டிக்கும் இலவசமா ரப்பர் ஒட்டித் தர்றேன். ஆம்புலன்ஸுக்குத்தான் முதல்ல. நல்ல தெருவுக்கு வரமாட்டேன்னு இனி யார் சொல்லுவா?"

ரத்தம் கொதிக்க வந்த கூட்டம் சட்டென்று ஆறியது. "ஒரு அடுக்கா, ரெண்டு அடுக்காங்க?" என்று முதலில் கேட்டவர் ஓட்டுநர்தான்.

வலி எடுத்த அன்று, இரண்டு அடுக்கு ரப்பர் ஒட்டிய ஆம்புலன்ஸ் மறுபேச்சில்லாமல் வந்தது. மனைவியையும் துணைக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தெருமுனைக் குழியில் அச்சு முறிந்து உட்கார்ந்தது. பூட்டிய கதவு நெளிந்து திறக்க மறுத்தது. குழந்தை உள்ளேயே பிறந்து வீறிட்டது. அப்பாவான நம் கார் ஓட்டுநர் உள்ளிருந்து கண்ணாடியில் அறைந்து, "கதவை உடைங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

வெளியே, ரப்பருக்கு வரிசையில் நின்ற தெருக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாருய்யா, ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வருதா? நமக்கும் ரெண்டு அடுக்கே கேக்கணும்" என்றபடி அவருக்குச் சந்தோஷமாகக் கையசைத்தார்கள்.