உமாபதி வீட்டு ஐம்பத்தொன்பது

'நல்ல நாளுக்காகக் காத்திருப்போர்' என்று ஓர் இனம் உண்டு; நீங்களும் பார்த்திருப்பீர்கள். டொரான்டோவில், செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்கு மாடியில் குடியிருந்த எஞ்சினியர் உமாபதி அந்த இனத்தின் திலகம்.

அவர் வீட்டு ஷோகேஸில், தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில், பல்பு வெளிச்சத்தில் விறைப்பாக நின்றது 1959-ஆம் வருஷத்து ஷாம்பெயின் மது பாட்டில். பிரெஞ்சுக்கார மேலதிகாரி ஓய்வு பெற்றபோது கொடுத்தது. கீழே ஹீட்டர். ஆயுத பூஜை தவறாமல் அதற்குச் சந்தனம், குங்குமம்.

விருந்தாளி பனி பூட்ஸைக் கழற்றுவதற்குள் உமாபதி அதைத் தயாரித்த பிரெஞ்சுக் குடும்பத்தின் கதையை ஆரம்பித்துவிடுவார்: திராட்சைத் தோட்டம் வாங்கிய கொள்ளுத் தாத்தா, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து நிலவறை அமைத்த தாத்தா, போர் வந்தபோது பாட்டில்களைச் சுவரெழுப்பி மறைத்துக் கண்ணீரோடு காவல் காத்த விதவை மருமகள்! அந்தக் கட்டத்தில் அவர் குரல் தழுதழுக்கும். சொந்தக் கொள்ளுத் தாத்தா பெயரைக் கேட்டால் யோசிப்பார்.

"எப்போ சார் திறக்கப் போறீங்க?"

"அதுக்குன்னு ஒரு நாள் வரணும் இல்லையா?"

விருந்தாளிக்குக் காபி வரும்.

பெண் பிறந்தாள், அந்த நாள் வரவில்லை. குடியுரிமை கிடைத்தது, வரவில்லை. பதவி உயர்வன்று மனிதர் ஷோகேஸ் வரை போய், பாட்டிலைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

மனைவி வசுமதி மதுரையில் டாக்டராக இருந்தவள். இங்கே ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டே இந்நாட்டு டாக்டர் பரீட்சை எழுதி, தோற்று, மறுபடி எழுதி, ஒருவழியாகத் தேறினாள். அன்று மாலை கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷோகேஸைப் பார்த்தாள்.

உமாபதி முந்திக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம் வசு. ரிச்மண்ட் ஹில்ல வீடு வாங்கினதும், ரெண்டுக்கும் சேர்த்து..."

"ஏங்க, நான் இன்னும் என்ன ஆகணும்?"

உமாபதி ஷோகேஸைத் திறந்து பாட்டிலை எடுத்தார். அவளைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, தக்கையைத் திருகினார். சத்தமில்லை. நுரையுமில்லை. ஹீட்டர் சூட்டில் நின்று நின்று தக்கை காய்ந்து, காற்று என்றோ போயிருந்தது. குளிரில், இருட்டில், படுக்க வைக்க வேண்டிய சரக்கு. பின்னே, தாத்தா எதற்காக நிலவறை குடைந்தாராம்? சொன்ன கதையை அவரே கேட்கவில்லை.

"புளிச்ச பழரசமாட்டம் இருக்கு," என்றாள் வசுமதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. இன்னொரு டம்ளரும் கேட்டாள்.

உமாபதி திருந்தினாரா? மறுநாளே காலி பாட்டிலைக் கழுவி அதே இடத்தில் நிறுத்தினார். கதையில் இப்போது கடைசித் தலைமுறை ஒன்று சேர்ந்திருக்கிறது: டாக்டர் வசுமதி. அங்கேயும் குரல் தழுதழுக்கிறது.

சிரிக்கிறீர்களா? விருந்தாளிக்கென்று பீரோவில் வைத்திருக்கிறீர்களே பீங்கான் கோப்பைகள், அவற்றில் நீங்கள் கடைசியாகக் காபி குடித்தது எப்போது?